பேர் கூப்பிடும் நேரம்

“ஆஸ்பத்திரியில எவன் மச்சான் சேவல் வளக்குறான்?”

மலையாண்டி மாமா அப்பாவைக் கேட்ட கேள்வி அது. இரண்டு நாளைக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் குரலாக வந்தது, முடிவில் ஒரு வறட்டுச் சிரிப்போடு. அப்பாவின் போன் இளமதியின் கையில் இருந்ததால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். அவள் சொல்லவில்லை.

இன்றும் மணி ஆறாகப் போகிறது. கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் அம்மாவின் போனையும் அப்பாவின் போனையும் அடுத்தடுத்து வைத்தாள். சேவலைப் பஞ்சாரத்துக்குள் விட்டுக் கவிழ்த்து, மேலே ஈரச்சாக்கைப் போட்டிருந்தாள். அதனால் பெரிய பயன் இல்லை என்று அவளுக்கும் தெரியும். மாமாவுக்குக் கேட்ட சேவல், பதிவாகியிருந்த அப்பாவின் பழைய குரலுக்குள் இருந்தது. போன மாதம் ஒருநாள் அப்பா இதே கல்லில் உட்கார்ந்து பேசியபோது பின்னால் கூவியது. அதை இனி எதைப் போட்டும் மூட முடியாது.

சேவல் இல்லாத குரல் ஒன்றைத் தேடி எடுத்தாள். அம்மாவின் போனில் அதை ஓடவிட்டு, அப்பாவின் போனில் மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

“எல்லாரும் எந்திரிச்சாச்சா? உதயசூரியன்… செவந்தி… திருப்பதி… மரியசெல்வம்… மலையாண்டி…”

அம்மாவையும் சேர்த்து மொத்தம் இருபத்தாறு பேர். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் அப்பா கொஞ்சம் நிறுத்துவார், ஆள் எதிரே நிற்பதுபோல. கடைசிப் பெயர் முடிந்ததும் விரலை எடுத்தாள். குரல் போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின.

“இருக்கேன்ணே.” உதயசூரியன்.

“இருக்கேன். எங்க வீட்டு ஆளுக்குத்தான் வயித்தால போகுது. பலாப்பழத்தைக் கண்டா விடுறாரா?” செவந்தி அக்கா.

“இருக்கேன். அண்ணே, கொரலு நல்லாத் தெளிஞ்சிருச்சே! எப்ப வீட்டுக்கு வாரீங்க? இன்னைக்கு என் முறை, ஞாபகம் இருக்கு.” மரியசெல்வம்.

“இருக்கேன்.” மலையாண்டி மாமா. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் மிச்சமான நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது கோட்டில் இருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. அண்ணன் அஜித், ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருப்பவன்.

“பாப்பா, அம்மா முழிச்சிருக்கா?”

“இல்ல.”

“நீ எங்கிட்டு இருக்க?”

“கொல்லையில.”

“உக்காந்துக்க.”

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். அண்ணனுக்குப் பின்னால் ஒரு பெண் யார் பெயரையோ சொல்லிக் கூப்பிடும் சத்தமும், சக்கரம் உருளும் சத்தமும் கேட்டன.

“அஞ்சரைக்குப் போயிருச்சு பாப்பா.”

அவள் அப்பாவின் போனைப் பார்த்தாள். பேர் கூப்பிட்ட குரலுக்குக் கீழே ஆறு மணி என்று காட்டியது. அதற்குக் கீழே இன்னும் “இருக்கேன்”, “இருக்கேன்” என்று வந்துகொண்டே இருந்தது.

*

கஜா புயலில் கண்மாய்க்கரையில் ஒரு மரம் மிச்சமில்லை. அடுத்த வருடம் அப்பாதான் ஆட்களைச் சேர்த்தார். முந்நூற்றுச் சொச்சம் கன்றுகள், புங்கனும் நாவலும் வேம்பும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபத்தாறு பேரும் கரையில் கூடுவார்கள். அப்பா வாத்தியார் மாதிரி பேர் கூப்பிடுவார். தண்ணீர் ஊற்றி முடித்ததும் செவந்தி அக்கா டீ கொண்டுவருவாள். டீயை விட அங்கே நடக்கிற கிண்டலுக்காக வருகிறவர்கள்தான் அதிகம் என்று அம்மா சொல்வாள்.

இந்த வருடம் மே மாதம் ஊரடங்கு வந்தது. முதல் நாளே கரையில் ஒன்பது பேர் நின்றதைப் பார்த்துப் போலீஸ் வண்டி வந்து கலைத்துவிட்டது. அன்றைக்கு அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். நாளைக்கு ஓர் ஆள். பேர் கூப்பிடும் வரிசைதான் முறை. ஒருவர் நாற்பது கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முடிந்த கன்றில் மஞ்சள் துணியைக் கட்டி, அதன் அடியில் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட வேண்டும். அடுத்த நாள் வருகிறவர் துணியைப் பார்த்து, அதற்கு அடுத்த கன்றிலிருந்து தொடங்குவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பேர் மட்டும் தினமும் காலையில் போனில் கூப்பிடப்படும். ஒருவர் பதில் சொல்லத் தவறினால் அப்பா உடனே அவருக்குப் போன் போடுவார். ஒருமுறை திருப்பதிக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததே அப்படித்தான்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது அந்த மாதக் கடைசியில். ஆம்புலன்ஸில் ஏறும்போது போனை இளமதியிடம் கொடுத்தார்.

“இதை நீ வச்சுக்க. காலையில பேரு கூப்புடு. ஒரு நாள் நின்னாப் போச்சு, அப்புறம் அவனவன் இழுத்துப் போத்திப் படுத்துருவான்.”

இளமதி தலையை ஆட்டினாள். அவளைப் போய்க் கூப்பிடச் சொன்னார். பத்தாம் வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ என்று அவள் சொன்னது வாத்தியார் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு வரவில்லை என்று குறித்துவிடுவார்கள். பெண்கள் சிரிப்பார்கள். அந்த வருடத்தோடு அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை மைக்கை அழுத்தினாள். “உதய” என்பதுவரை வந்தது. அழித்தாள். நான்கு முறை அழுத்தி நான்கு முறை அழித்தாள். மணி ஆறே காலாகிவிட்டது. கரையில் யாரும் வரமாட்டார்கள் என்று பயம் வந்தது. அப்போதுதான் அம்மாவின் போனில் அப்பாவின் பழைய குரல்கள் இருப்பது நினைவுக்கு வந்தது.

முதல் நாள் அதை ஓடவிட்டபோது, காய்ச்சலோடு உள்ளறையில் தனியாகக் கிடந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லை வாசல்படிவரை வந்துவிட்டாள்.

“வந்துட்டாரா? அதுக்குள்ளயா விட்டுட்டாங்க?”

கல்லின்மேல் இருந்த இரண்டு போன்களையும் பார்த்தபிறகு அம்மா திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

*

அம்மாவிடம் சொல்வதற்குள் குழுவுக்குச் செய்தி போய்விட்டது. அஜித் எழுத்தில் போட்டிருந்தான். ‘அப்பா இன்று காலை 5.30க்குத் தவறிட்டாங்க. யாரும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம்.’

முதலில் முத்துராஜின் குரல் வந்தது.

“என்னப்பா சொல்ற? ஆறு மணிக்குல்ல பேரு கூப்பிட்டாரு?”

ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் பழைய குரல்களை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று இளமதிக்குத் தோன்றியது. முத்துராஜ்தான் திரும்பவும் பேசினான். இப்போது குரல் உடைந்திருந்தது.

“அப்ப இத்தனை நாளும் நாம யாருகிட்டய்யா இருக்கேன் இருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்?”

“பேசாம இரு முத்து. அந்தப் புள்ள கேட்டுக்கிட்டு இருக்கும்” என்றார் உதயசூரியன்.



அம்மா அழுது முடித்தபோது வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. காய்ச்சல் வீடு என்று வாசலில் குறுக்கே கட்டியிருந்த மூங்கிலுக்கு அந்தப் பக்கம் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் தள்ளித்தள்ளி நின்று அழுதார்கள். ஒருத்தியும் உள்ளே வந்து அம்மாவைக் கட்டிக்கொள்ள முடியவில்லை. யாரோ ஒரு பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து மூங்கிலின் கீழ் வைத்துவிட்டுப் போனார்கள்.

“வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாங்களாம்ல?” என்றாள் அம்மா.

“நேரா அங்கிட்டுப் போயிருமாம்.”

“ஊருல எத்தனை எழவுக்கு இவரு பாடை கட்டியிருப்பாரு. வாய்க்கரிசி போடக்கூட ஆளில்லாமப் போறாரு.” அம்மா மூக்கைச் சிந்தினாள். “மலையாண்டி என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

மலையாண்டி மாமாவிடமிருந்து காலையில் வந்த “இருக்கேன்” தான் கடைசி.

அவருக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி உண்டு. கட்டுமாவடியிலிருந்து புதுக்கோட்டைக்கு மீன் ஏற்றுகிறவர். ஊரடங்கிலும் பாஸ் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் சுற்றில் அவர் முறை வந்த அன்று மீன் லோடு காத்திருந்தது. கரைக்கு வந்தவர் தண்ணீர் ஊற்றாமல் துணியை மட்டும் அவிழ்த்து, நாற்பது கன்று தள்ளிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர்கள் துணியை நம்பினார்கள். கத்திரி வெயில். திரும்பச் சுற்றி அந்த இடத்துக்கு ஆள் வந்தபோது ஏழு கன்றுகள் காய்ந்து நின்றன.

அப்பா குழுவிலேயே திட்டினார். “துணியை நகத்திக் கட்டிட்டா கன்னு குடிச்சிருமா மலையாண்டி? நேருல பாக்க முடியாத காலத்துல அந்தத் துணியத்தானய்யா எல்லாரும் நம்பி வாரோம்?”

முப்பது வருடமாக ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அதன் பிறகு அப்பாவோடு மாமா பேசவில்லை. காலையில் “இருக்கேன்” என்பதோடு சரி.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்தாம் நாள் மாலையில், குழுவில் இல்லாமல், அப்பாவுக்கு மட்டும் ஒரு குரல் அனுப்பியிருந்தார்.

“மச்சான், அன்னைக்கு ஐஸு உருகிக்கிட்டு இருந்துச்சு. அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்ல வரல. தப்புத்தான். அந்த ஏழையும் நானே வச்சு ஆளாக்கி விட்டுர்றேன். கோவத்தை விட்டுரு மச்சான். தெனமும் நீ படுத்திருக்க ஆஸ்பத்திரி வழியாத்தான் போறேன், வாரேன். ஒரு வார்த்தை சொன்னா, ஜன்னலுக்குக் கீழ நின்னு கையக் காட்டிட்டுப் போயிருவேன். நீ ஒண்ணும் பேச வேணாம்.”

இளமதி அதை அண்ணனுக்கு அனுப்பி, அப்பாவின் காதில் வைக்கச் சொன்னாள். மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்தாள். மறுநாள் காலையில் அம்மாவுக்கு இருமல் கூடியிருந்தது. அவசரத்தில் ஒரு பழைய குரலை முழுதும் கேட்காமல் ஓடவிட்டாள். அது திட்டு நடந்த மறுநாள் பேசியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“மரியசெல்வம்… மலையாண்டி… நீ இருக்கியா, இல்ல அதுக்கும் துணியத்தான் கட்டிவிடுவியா?”

விரலை எடுத்துவிட்டாள். எடுத்தவுடன் போய்ச் சேர்ந்துவிட்டது. அழிக்கலாம் என்று பார்ப்பதற்குள் பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். யாரோ சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

“இருக்கேன்” என்றார் மலையாண்டி மாமா.

அன்றும் அவருடைய வண்டி ஆஸ்பத்திரி வழியாகத்தான் போயிருக்கும். அதற்கடுத்த நாளும். நிறுத்தாமல். அதன் பிறகு அவர் கேட்டது அந்தச் சேவல் கேள்வி ஒன்றுதான்.

*

சாயங்காலம் நாலு மணிக்கு உதயசூரியன் குழுவில் பேசினார். “வண்டி அரிமளம் தாண்டிருச்சாம். யாரும் கூட்டமா வந்து நிக்காதீங்க. அஜித்துக்குச் சங்கடமாயிரும். அவங்கவங்க ஊத்துற கன்னுகிட்டப் போயி நில்லுங்க. போதும்.”

இளமதியும் அம்மாவும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். அங்கிருந்து கண்மாய்க்கரை முழுதும் தெரியும். சுடுகாட்டுக்குப் போகிற மண்சாலை கரையை ஒட்டித்தான் போகிறது. கரைமேல் ஆட்கள் நின்றார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கன்று தூரம் இருந்தது. செவந்தி அக்காவை அவளுடைய ஊதாச் சேலையால் கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவர்கள் முகத்தில் துண்டைக் கட்டியிருந்தார்கள்.

வெள்ளை வண்டி வந்தது. சங்கு இல்லை, தப்புச் சத்தம் இல்லை. வண்டி தங்களைக் கடக்கும்போது அவர்கள் கையைக் கூப்பவும் இல்லை. கன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். வண்டி கடந்ததும் கரைச் சரிவில் இறங்கி அவரவர் வழியில் போனார்கள்.

இளமதி எண்ணினாள். மாடியில் நிற்கும் அம்மாவைச் சேர்த்து இருபத்தைந்து. ஓர் ஆள் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அங்கே கன்றுகளும் இல்லை, காய்ந்த ஏழும் நின்ற குழிகள் மட்டும்.

சுடுகாட்டுப் பக்கம் வெள்ளை உடுப்புப் போட்ட நான்கு பேர் இறங்கியது தெரிந்தது. பிறகு புகை தெரிந்தது. அம்மா கைப்பிடிச் சுவரோடு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

சுடுகாட்டிலிருந்து அண்ணன் வந்து கொல்லைக் குழாயில் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். இளமதி துண்டை எட்ட இருந்து நீட்டினாள்.

“அண்ணே. அன்னைக்கு மாமா பேசுனதை அப்பா காதுல வச்சியா?”

“வச்சேன்.”

“கேட்டுச்சா?”

அவன் துண்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டான். அப்படியே பேசினான்.

“மெஷின் சத்தம் பாப்பா. ரெண்டு தடவை வச்சேன். கண்ணைத் தொறக்கல. கேட்டுச்சா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

வாசல்படியில் இருந்த அம்மா சொன்னாள். “கேட்டாரு, கையக் காட்டுனாருன்னு சொல்லிருங்களேன்டா. என்ன கொறஞ்சுபோச்சு? அவன் மனசாவது ஆறும்ல?”

அண்ணன் இளமதியைப் பார்த்தான். அவள் பஞ்சாரத்தின்மேல் இருந்த சாக்கை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் காலை மணி ஆறு. அப்பாவின் போன் துவைக்கிற கல்லின்மேல் இருந்தது. இளமதி பக்கத்தில் நின்றாள். தொடவில்லை.

ஆறு ஐந்து. கூப்பிடாத பேருக்கு யார் பதில் சொல்வார்கள்?

ஆறு ஏழுக்கு ஒரு குரல் வந்தது. “இருக்கேன்.” செவந்தி அக்கா.

பிறகு உதயசூரியன். திருப்பதி. முத்துராஜ் இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னான். வரிசை கலைந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குரல்கள் வந்தன. மரியசெல்வம் மட்டும் கூட ஒரு வார்த்தை சொன்னார். “இருக்கேன். நேத்து வண்டி போனதுக்கப்புறம் ஊத்தி முடிச்சிட்டேன். துணி கட்டியாச்சு.”

அவள் நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். மலையாண்டி என்ற பேருக்கு நேரே மட்டும் இடம் காலியாக இருந்தது. மரியசெல்வத்துக்கு அடுத்து அவர் முறை.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து பார்த்தாள். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் குட்டியானை நின்றது. மலையாண்டி மாமா இறங்கினார். மீன் வாடை அவருக்கு முன்னால் வந்தது. நேற்றைய சட்டையாக இருக்க வேண்டும். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைத்தான் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “சொல்லுடி” என்றாள் மெதுவாக.

“மாமா.”

அவளுடைய குரல் அவளுக்கே சிறியதாகக் கேட்டது. ஓரடி முன்னால் போனாள்.

“நான்தான் மாமா பழசை எல்லாம் போட்டேன். அப்பா கூப்பிடல. உங்களை இருக்கியான்னு கேட்டதும், துணின்னு சொன்னதும், அதெல்லாம் பழசு. அப்பா சொல்லல. எனக்குக் கூப்பிட வரல மாமா.”

அவர் அசையவில்லை.

“நீங்க பேசுனதை அண்ணன் அப்பா காதுல வச்சுச்சு. ரெண்டு தடவை வச்சுச்சு.”

அவருடைய கை மூங்கிலில் இறுகியது. அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். அம்மாவும் காத்திருந்தாள்.

“கேட்டாரா இல்லையான்னு தெரியல மாமா.”

அம்மா தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

கொல்லைப்பக்கம் சேவல் கூவியது. மலையாண்டி மாமா அந்தப் பக்கம் திரும்பினார். மறுபடி கூவியது. அது நிற்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டு, மூங்கிலை விட்டுவிட்டு, வண்டியில் ஏறினார்.

இளமதி தெருவுக்கு வந்தாள். வண்டியின் பின்னால் மீன் பெட்டிகள் இல்லை. ஒரு பிளாஸ்டிக் குடம் உருண்டுகொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கறுப்புப் பைகளில் புங்கங்கன்றுகள் ஆடின. அவள் எண்ணி முடிப்பதற்குள் வண்டி கண்மாய்ப் பக்கம் திரும்பிவிட்டது.